மடிக்கணினியின் திரைக்கு மேலுறை வேண்டுமா?

புதிய பொருள் ஒன்று வீட்டிற்கு வந்தவுடன் அதற்கு ஓர் உறை தைத்துப் போடுவது நம்மவர்களின் நெடுநாளைய வழக்கம். வால்வு ரேடியோ கூடத்தில் வீற்றிருந்த காலத்தில், பூத்தையல் வேலை செய்த துணியொன்று அதன்மேல் தவறாமல் கிடந்தது. தொலைக்காட்சிப் பெட்டி வந்தபொழுது, இருபுறமும் இழுத்து மூடும் மரக்கதவுகளோடு கூடிய அலமாரி போன்ற கூட்டிலேயே அது வந்தது. பின்னர் மேசைக் கணினி வந்தது. அதன் பருத்த திரைக்கு முன்னால் சல்லடை போன்ற கறுப்புத் தடுப்பொன்றைத் தொங்கவிட்டு, கண்ணைக் காத்துக்கொண்டோம் என்று நிம்மதி அடைந்தோம். தொலைக்காட்சியின் ரிமோட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வைத்து, எண்கள் மங்கிப்போன பின்னும் அதனைக் கழற்ற மனமில்லாதிருப்போர் இன்றும் பலர்.

இவ்வழக்கத்தை எள்ளி நகையாடுதல் நம் நோக்கமன்று. அரிதின் ஈட்டிய பணத்தால் வாங்கிய பொருள் நெடுநாள் உழைக்கவேண்டும் என்னும் கவலையிலிருந்து பிறந்த வழக்கம் அது. ஆயினும் ரேடியோவின் பின்புறத் துளைகளையும் சேர்த்து மூடிவிட்ட துணி, உள்ளிருந்த வால்வுகளின் வெப்பத்தை வெளியேறவொட்டாமல் தடுத்ததும் உண்டன்றோ? மடிக்கணினி விஷயத்திலும் ஏறக்குறைய இதே நிலைதான் ஏற்பட்டிருக்கிறது.

பெங்களூரு நகரில் சாதர் பத்ரப்பா சாலை என்று முழுப் பெயரைச் சொன்னால் ஆட்டோ ஓட்டுநரும் சற்றுத் தயங்குவார். எஸ்.பி. ரோடு என்றால் உடனே வண்டியைத் திருப்புவார். கணினியும் அதன் உறுப்புகளும் விற்கும் கடைகள் நெருக்கமாய் அமைந்த கடைவீதி அது. அத்தகைய கடைவீதிகளில் மடிக்கணினி வாங்குவோர் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: ‘ஸ்கிரீன் கார்டு போட்டுவிடலாமா?’ திரைக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, கேமராத் துளைக்கு ஒன்று என்று மூன்று உறைகளும் சேர்ந்தே மேசைமேல் வந்து விழும். விலை அதிகமில்லை. கைப்பேசிக்குப் போட்டிருக்கிறோம், இதற்கும் போட்டுவைப்போமே என்று தலையசைத்து விடுகிறோம்.

இந்நகரில் மடிக்கணினி அலங்காரப் பொருளன்று. மென்பொருள் அலுவலகங்களில் உழைப்போருக்கு அது ஏர். வீட்டிலிருந்தே கணக்கெழுதும் பெண்களுக்கு அது வருவாய். கல்லூரி மாணவருக்கு அதுவே நூலகம். தமிழகத்தில் 2011ஆம் ஆண்டு அரசே மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியபின், அதுகாறும் கணினியைத் தொட்டறியாத எத்தனையோ குடும்பங்களில் ஒரே ஒரு கணினி இருக்கும் நிலை உண்டாயிற்று. அவ்வொன்றின் திரை உடைந்தால், மாற்றுத் திரைக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவாகிறது. விலையுயர்ந்த வகையாயின் பல ஆயிரம். சாதாரண வாரண்டியில் உடைசலுக்கு ஈடு கிடைப்பதில்லை; அதற்கெனத் தனியே பணம் கட்டிய பாதுகாப்புத் திட்டம் இருந்தாலன்றி, செலவு முழுதும் நம்முடையதே. ஆகையால் மேலுறை வேண்டுமா வேண்டாவா என்பது சிறு வினாவாயினும், ஆராய்ந்து விடை காணவேண்டிய வினாவே.

முதலில் இத்திரை எதனால் ஆனது என்று பார்ப்போம். கைப்பேசியின் முகப்பில் இருப்பது கண்ணாடி. அதுவும் சாதாரணக் கண்ணாடியன்று. உருகிய பொட்டாசிய உப்பில் கண்ணாடியை மூழ்க வைத்தால், அதன் மேற்பரப்பிலுள்ள சோடிய அயனிகள் வெளியேறி, அவற்றினும் பருத்த பொட்டாசிய அயனிகள் அவ்விடங்களில் நெருக்கியடித்துக்கொண்டு அமர்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் குழந்தைகள் எழுந்துபோன இருக்கைகளில் பெரியவர்கள் புகுந்து அமர்ந்தாற்போல என்று கூறலாம். அந்நெருக்கத்தால் மேற்பரப்பு இறுகி, கண்ணாடி எளிதில் விரிசல் காணாத வலிமை பெறுகிறது. அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 1960களிலேயே கண்டறிந்த இம்முறை, 2007ஆம் ஆண்டில் ஐபோன் வந்த பின்னரே உலகெங்கும் பரவிற்று.

மடிக்கணினிகளில் தொடுதிரை உள்ளவற்றிற்கும், விளிம்பிலிருந்து விளிம்புவரை ஒரே கண்ணாடியாய்ப் பளபளக்கும் சிலவற்றிற்கும் இத்தகைய முகப்புக் கண்ணாடி உண்டு. மற்றவற்றிற்கு, அதாவது பளபளப்பில்லாமல் மங்கலான பரப்புடைய பெரும்பான்மையானவற்றிற்கு, மேலே கண்ணாடியே கிடையாது. நாம் விரலால் தொடுவது ஒரு பிளாஸ்டிக் படலத்தை. இது பலருக்கு வியப்பாயிருக்கலாம். தன் கணினி எவ்வகை என்று அறிய விரும்புவோர் திரையின் ஓரத்தைப் பார்த்தால் போதும். சுற்றிலும் பிளாஸ்டிக் சட்டம் சற்றே உயர்ந்து நின்று, திரை ஒரு படி உள்ளடங்கியிருந்தால், அது பெரும்பாலும் பிளாஸ்டிக் முகப்பே.

அப்படலத்தின் தொழில் காப்பதன்று, ஒளியை வடிகட்டுவது. ஒளி அலைகள் எல்லாத் திசைகளிலும் அதிர்ந்துகொண்டு வருபவை. அவற்றுள் ஒரு திசையில் அதிர்வனவற்றை மட்டும் விட்டு ஏனையவற்றைத் தடுப்பது இப்படலம். அயோடின் தோய்த்து நீள இழுக்கப்பட்ட பிளாஸ்டிக்கினால் இது செய்யப்படுகிறது. திரையின் முன்னும் பின்னுமாக இத்தகைய இரண்டு படலங்கள். அவற்றினிடையே இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள். அத்தகடுகளின் நடுவே திரவப் படிகம். ஆஸ்திரியத் தாவரவியலறிஞர் ஃபிரெடரிக் ரைனிட்சர் 1888ஆம் ஆண்டில் முதன்முதல் கவனித்த விந்தைப் பொருள் இது. நீரைப்போல் ஓடும், ஆயினும் அதன் மூலக்கூறுகள் படிகத்தைப்போல் ஓர் ஒழுங்கில் நிற்கும். மின்னழுத்தம் பட்டால் அவை நிமிரும், சாயும். அதற்கேற்ப ஒளி நுழையும், மறையும். இத்திரவப் படிக அடுக்கின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கே. இருபுறக் கண்ணாடிகளும் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ தான். திரையைச் சற்று அழுத்தினால் அங்கே அலை பரவுவதுபோல் நிறம் மாறுவதை யாவரும் கண்டிருப்பர். அத்துணை மெல்லிய அடுக்கு நம் விரலின் கீழ் நசுங்குவதே அதன் காரணம்.

இங்கே பெங்களூருவுக்கே உரிய ஒரு பெருமையைக் கூறாமல் மேலே செல்லுதல் முறையாகாது. பழைய திரவப் படிகத் திரைகளில் ஒரு குறை இருந்தது. நேரே அமர்ந்து பார்ப்பவருக்குத் தெளிவாய்த் தெரியும் படம், பக்கத்தில் அமர்ந்தவருக்கு வெளிறியோ நிறம் திரிந்தோ தோன்றும். கோல் வடிவ மூலக்கூறுகள் சாய்வாக வரும் ஒளியை வேறுவிதமாய்த் திருப்புவதால் வந்த குறை அது. அதனைப் போக்கிய படலத்திற்கு வித்திட்ட ஆராய்ச்சி, சர் சி.வி. ராமன் 1948இல் பெங்களூருவில் நிறுவிய ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் நிகழ்ந்தது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை நடத்திவந்த சிவராமகிருஷ்ண சந்திரசேகர், 1971ஆம் ஆண்டில் இந்நிலையத்திற்கு வந்து திரவப் படிக ஆய்வகத்தை அமைத்தார். ராமனுக்கு மருமகன் முறையானவர். (நட்சத்திரங்களை ஆராய்ந்து நோபெல் பரிசு பெற்ற சந்திரசேகர் வேறு, அவர் ராமனின் தமையனார் மகன். ஒரே குடும்பத்தில் ஒரே பெயருடன் இரு பெரும் இயற்பியலறிஞர் இருந்தமையால் இருவரையும் ஒருவராகக் கருதி மயங்குவோர் உளர்.) அதுவரை திரவப் படிகங்கள் கோல் வடிவ மூலக்கூறுகளால் ஆனவை என்றே உலகம் எண்ணியிருந்தது. சந்திரசேகரும், உடனுழைத்த சதாசிவா, சுரேஷ் ஆகியோரும் 1977ஆம் ஆண்டில் வட்டத் தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினர். நம் நாட்டு ஆராய்ச்சி ஏடாகிய ‘பிரமாணா’விலேயே அது வெளிவந்தது.

தட்டு வடிவ மூலக்கூறுகள் சாய்வொளியைக் கோல் வடிவினவற்றிற்கு எதிர்மாறாகத் திருப்புபவை. ஒன்று செய்த கோணலை மற்றொன்று நிமிர்த்துகிறது. ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் 1990களின் நடுவில் இப்பண்பைப் பயன்படுத்தி ஒரு படலம் செய்தது. அது கணினித் திரைகளில் இடம்பெற்று உலகெங்கும் சென்றது. எஸ்.பி. ரோட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் நிகழ்ந்த ஆராய்ச்சி, ஜப்பான் சென்று, படலமாகித் திரைக்குள் அமர்ந்து, மீண்டும் அதே வீதிக்கு விற்பனைக்கு வந்து சேர்ந்திருக்கிறது! சந்திரசேகர் 1991ஆம் ஆண்டில் ஜாலஹள்ளியில் திரவப் படிக ஆராய்ச்சிக்கெனத் தனி நிலையமும் தொடங்கினார், 2004இல் மறைந்தார்.

இதனை விரித்துரைத்ததற்குக் காரணம் உண்டு. திரை என்பது வெறும் கண்ணாடிப் பலகையன்று. ஒன்றன்மேல் ஒன்றாய் எத்தனையோ படலங்களைக் கணக்கிட்டு அடுக்கிய அடுக்கு. நாம் கடையில் வாங்கி ஒட்டும் தாள் அக்கணக்கில் சேராத ஒன்று. கண்ணாடியிலிருந்து காற்றுக்கோ காற்றிலிருந்து கண்ணாடிக்கோ ஒளி செல்லும் ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ நூற்றில் நான்கு பங்கு எதிரொளித்துத் திரும்பிவிடும். திரைக்கும் உறைக்கும் இடையே காற்று புகுமாறு மாட்டித் தொங்கவிடும் உறைகள் இத்தகைய இரண்டு பரப்புகளை மிகையாகச் சேர்க்கின்றன. அதன் பயனாய்ச் சன்னலின் நிழல் முன்னினும் தெளிவாய்த் திரையில் விழுகிறது! பசையுள்ள தாளில் இக்குறை இல்லை. ஆனால் பசைக்குக் கீழே தூசி சிக்காமல் பதினைந்து அங்குலத் திரையில் ஒட்டுவது எளிதன்று. கைப்பேசியில் ஒரு குமிழி வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மடிக்கணினியில் எழுத்துகளின் நடுவே பத்துக் குமிழிகள் வந்தால் நாள்தோறும் அவற்றைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தல் வேண்டும்.

இனி, இவ்வுறை எதிலிருந்து திரையைக் காக்கிறது? கீறலிலிருந்து என்பர். பொருள்களின் கடினத்தை ஒப்பிட ஜெர்மானிய அறிஞர் மோஸ் 1812ஆம் ஆண்டில் ஓர் அளவுகோல் வகுத்தார். அதில் மாக்கல் 1, வைரம் 10. நம் விரல் நகம் இரண்டரை அளவில் நிற்கிறது. சாதாரணக் கண்ணாடி ஐந்தரைக்கு அருகில். மணலில் மின்னும் குவார்ட்ஸ் 7. கடினமானது மென்மையானதைக் கீறும் என்பதே விதி. பெங்களூரு நிற்பதோ பாறையின்மேல். லால்பாக் தோட்டத்தில் குன்றாக எழுந்து நிற்கும் அப்பாறை ஏறக்குறைய முந்நூறு கோடி ஆண்டுப் பழமையுடையது என்பர். அவ்வகைப் பாறைகளை உடைத்து அரைத்த எம்-சாண்ட் மணலால் இன்று நகரெங்கும் கட்டடங்கள் எழும்புகின்றன. ஆதலின் நம் மேசைமேல் படியும் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் இருத்தல் இயல்பே. திரையில் தூசி கண்டவுடன் சட்டை நுனியாலோ முந்தானையாலோ உலரத் தேய்க்கிறோமே, அப்பொழுது ஏழாம் எண் பொருளைக் கொண்டு பிளாஸ்டிக்கை உரசுகிறோம் என்று பொருள். கீறல் அங்கேதான் விழுகிறது.

இதற்கு மேலுறை ஒரு பரிகாரம் என்பதை மறுப்பதற்கில்லை. கீறல் உறையில் விழும். உறையை எறிந்துவிட்டு வேறொன்று போடலாம். கட்டட வேலையிடங்களிலும், பட்டறைகளிலும், கல்லுடைக்கும் இடங்களிலும் மடிக்கணினியைத் திறந்துவைத்துப் பணிபுரியும் பொறியாளர்கள் ஒட்டுத் தாள் போட்டுக்கொள்வது நியாயமே. ஆனால் கடைகளில் ‘ஒன்பது எச்’ என்று அச்சிட்டு விற்கும் டெம்பர்டு கிளாஸைக் கண்டு மயங்குதல் வேண்டா. அந்த ஒன்பது மோஸ் அளவுகோலின் ஒன்பதன்று. பென்சில் முனைகளால் கீறிப் பார்க்கும் வேறொரு சோதனையின் எண். ஒன்பது எச் பென்சில் கீறாத கண்ணாடியையும் குவார்ட்ஸ் மணல் கீறும். மங்கல் பரப்புடைய திரைகள் பலவற்றின் மேற்பூச்சு இதே பென்சில் சோதனையில் மூன்று எச் அளவைத் தாங்குமாறு செய்யப்பட்டது. வீட்டு மேசையிலும் அலுவலகத்திலும் இருக்கும் கணினிக்கு, துடைக்கும் முறை சரியாயிருந்தால், அதுவே போதும். கைப்பேசியைப்போல் சாவிக்கொத்தோடும் சில்லறைக் காசோடும் ஒரே சட்டைப்பையில் கிடப்பதன்று மடிக்கணினி. பயன்படுத்தாத நேரமெல்லாம் அது தன் திரையைத் தானே மூடிக்கொண்டிருக்கிறது. அதன் மேல்மூடியே அதற்கு உறை.

அங்ஙனமாயின் திரைகள் எப்படி உடைகின்றன? பழுது பார்ப்போரிடம் வரும் திரைகளைக் கண்டவர் அறிவர்: அழுத்தத்தாலும் வளைவாலும் உடைந்தவை மிகப் பல. காலை வேளையில் நகரப் பேருந்தில் ஏறுகின்றவரின் முதுகுப் பையை எண்ணிப் பாருங்கள். கணினி, அதன் மூடியின் நடுவில் அழுத்தும் சார்ஜர், அதன் அருகே எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா. பின்னால் நிற்கும் பத்துப் பேரின் நெருக்கம். மூடியின் நடுவே விழும் அந்த அழுத்தம் அரை மில்லிமீட்டர்க் கண்ணாடிக்குச் செல்கிறது. உள்ளே ஒட்டிய மெல்லிய தாள் இதனைத் தடுக்க வல்லதன்று. பென்சில் ஒன்றைக் கீபோர்டின்மேல் மறந்து வைத்து மூடியை அழுத்தி மூடுவதும், திறக்கும்பொழுது ஒரு மூலையைப் பற்றி முறுக்குவதும், இதே வகைக் கேட்டை விளைவிப்பன.

இவ்விடத்தில்தான் உறையே பகையாய் மாறக்கூடும். மடிக்கணினிகளை மெலிதாக்கும் போட்டியில், மூடிய நிலையில் திரைக்கும் கீபோர்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை உற்பத்தியாளர்கள் மிகவும் குறைத்துவிட்டனர். கேமராத் துளைமேல் ஒட்டும் சிறு நகர்த்து மூடி ஒன்றை நினைவிற் கொள்வோம். 2016ஆம் ஆண்டில் ஃபேஸ்புக்கின் தலைவர் மார்க் ஸக்கர்பர்க் தம் கணினிக் கேமராவின்மேல் நாடா ஒட்டியிருந்தது ஒரு புகைப்படத்தில் தெரிந்தபின், இவ்வழக்கம் பலரிடம் பரவிற்று. 2020ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனமே தன் மேக்புக் கணினிகளைக் கேமராவின்மேல் மூடி போட்டு மூடவேண்டா என்று எச்சரிக்கை விடுத்தது. போட்டே தீரவேண்டுமெனில், அது சாதாரண அச்சுத் தாளின் கனமாகிய ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கினை மிஞ்சலாகாது, பசையும் விட்டுச் செல்லலாகாது என்று வரையறுத்தது; அதனினும் தடித்தது இருந்தால் மூடுமுன் எடுத்துவிடச் சொன்னது. கையில் ஒரு காகிதத்தைப் பிடித்து அதன் விளிம்பைப் பாருங்கள். அவ்வளவே இடம்! டெம்பர்டு கிளாஸ் உறைகளோ அதனினும் மூன்று மடங்கு கனமுடையவை. பிளாஸ்டிக் தாளும் பல வேளைகளில் காகிதக் கனத்தை மிஞ்சுகிறது. இதனோடு கீபோர்டின்மேல் சிலிக்கான் உறையும் சேர்ந்தால், மூடும்பொழுது இரண்டும் ஒன்றையொன்று நெருக்குகின்றன. சில கணினிகள் கீபோர்டின் வழியாகவும் வெப்பத்தை வெளியேற்றுபவை. அவற்றிற்குச் சிலிக்கான் உறை, ரேடியோவுக்குத் துணி போட்ட கதைதான். தேநீர் சிந்துமோ என்ற அச்சத்தால் அவ்வுறையை வாங்குவோர் வேலை செய்யும்பொழுது போட்டுக்கொண்டு, மூடும்பொழுது எடுத்துவிடலாம்.

கேமரா வழியாக யாரேனும் பார்ப்பரோ என்ற ஐயம் ஆதாரமற்றதென்று நாம் கூறமாட்டோம். அதற்கு இப்பொழுது பல கணினிகளில் உள்ளமைந்த சிறு கதவே வருகிறது. வாங்கும்பொழுதே அதனைக் கேட்டு வாங்குதல் நலம். இல்லாதவர் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி, மூடுமுன் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

மற்றொரு வகை உறை உண்டு. அதற்கு உண்மையான பயன் இருக்கிறது. மெட்ரோ ரயிலிலும் விமான நிலையத்திலும் அலுவலகக் கணக்குகளைத் திறந்து வைத்திருப்பவர், அடுத்த இருக்கைக்காரர் படிக்காதிருக்கப் போடும் மறைப்புத் திரை அது. சன்னல் அடைப்புச் சட்டங்களைப்போல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய செங்குத்துத் தடுப்புகள் அதனுள் வரிசையாய் நிற்கின்றன. நேரே பார்ப்பவருக்கு இடைவெளி வழியே தெரியும். இருபுறமும் ஏறக்குறைய முப்பது பாகைக்கு அப்பால் இருப்பவருக்குக் கறுப்பாகும். வங்கி, மருத்துவமனை, வழக்கறிஞர் அலுவலகம் ஆகியவற்றில் பிறர் செய்திகளைக் கையாள்வோர்க்கு இது கடமை என்றே சொல்லலாம். ஆனால் வெளிச்சத்தில் கணிசமான பங்கை இது விழுங்கிவிடும். அதனை ஈடுகட்டத் திரையின் ஒளியைக் கூட்டினால் பேட்டரி விரைவில் இறங்கும். இன்னொன்றும் உண்டு. பக்கத்திலிருப்போர் காணவேண்டுமென்று சந்திரசேகரின் தட்டு மூலக்கூறுகள் அரும்பாடுபட்டுச் செய்த வேலையை, யாரும் காணலாகாதென்று நாமே திரும்ப அழிக்கிறோம்! ஆகையால் ஒட்டிவிடாமல், வேண்டும்பொழுது மாட்டிக் கழற்றும் வகையை வாங்குக. மூடுமுன் கழற்றிப் பையில் வேறாக வைக்க.

எழுதுகோல் கொண்டு திரையிலேயே படம் வரைவோர், காகிதத்தின் சொரசொரப்பு வேண்டுமென்று மங்கல் தாள் ஒட்டிக்கொள்கின்றனர். அவர்கள் தொழிலுக்கு அது பொருந்தும். மற்றையோர் கண்கூச்சம் தவிர்க்க மங்கல் தாள் ஒட்டுவது அத்துணைப் பயன் தருவதில்லை. ஒளியைச் சிதறடித்தே அது எதிரொளியை மழுக்குகிறது; உள்ளிருந்து வரும் எழுத்துகளின் கூர்மையையும் அதே சிதறல் மழுக்குகிறது. மேசையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டால் செலவில்லாமலே கூச்சம் பெரிதும் நீங்கும்.

நீல ஒளியைத் தடுக்கும் தாள் என்று ஒன்று, கண்ணைக் காக்கும் என்ற வாக்குறுதியுடன் விற்கப்படுகிறது. பெற்றோர்கள் இதற்காகவே பணம் செலவிடுவதால் இதனைச் சற்று அழுத்திச் சொல்லவேண்டும். கணினித் திரையின் ஒளியால் கண்ணுக்குக் கேடு விளைவதாக அறிவியல் ஆதாரம் இல்லை என்றே அமெரிக்கக் கண் மருத்துவர் கழகம் கூறிவருகிறது. நீல ஒளியைத் தடுக்கும் மூக்குக் கண்ணாடிகளைப் பற்றிய பதினேழு ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அமைப்பின் 2023ஆம் ஆண்டு அறிக்கையும், சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிடக் கண் அயர்ச்சி குறைவதாகத் தெரியவில்லை என்றே முடிவு செய்தது. மூக்குக் கண்ணாடிக்கே பயன் காணாதபொழுது, அதே தத்துவத்தில் அமைந்த தாளுக்கு மட்டும் எங்கிருந்து பயன் வரும்? திரையைப் பார்க்கும்பொழுது நாம் கண் இமைப்பது குறைகிறது. அதனால் கண் உலர்ந்து எரிகிறது. இருபது நிமிடத்திற்கு ஒருமுறை, இருபது அடி தொலைவிலுள்ள ஒன்றை, இருபது விநாடி பார்த்து வருமாறு மருத்துவர்கள் சொல்வது இதற்காகவே. மாலையில் திரையின் நிறத்தை மஞ்சளாக்க விரும்புவோருக்கு அவ்வசதி கணினிக்குள்ளேயே இருக்கிறது, தாள் வேண்டா.

ஆகவே தூசி மிகுந்த வேலையிடம், இரகசியம் காக்கவேண்டிய தொழில், எழுதுகோல் வேலை, கைக்கெட்டியதையெல்லாம் கீறும் சிறு குழந்தைகள் உள்ள வீடு ஆகியவற்றை விட்டால், திரையைத் திரையாகவே விட்டுவைப்பதே எம் கருத்து. உறைக்குச் செலவிடும் பணத்தைப் பைக்குச் செலவிடுக. கணினிக்கெனத் தனி அறையும், அதன் அடிப்பகுதி தரையில் மோதாதவாறு உயர்ந்த மெத்தையும் உள்ள பை திரையைக் காக்கும் அளவுக்கு எந்த ஒட்டுத் தாளும் காக்காது. சார்ஜரையும் சாப்பாட்டு டப்பாவையும் வேறு அறையில் வைக்க. மூடியை நடுவில் பற்றித் திறக்க.

துடைக்கும் முறை எளிது. கணினியை நிறுத்திவிட்டுத் திரை கறுத்தபின் முதலில் மென்மையான தூரிகையாலோ காற்றூதும் ரப்பர்க் குமிழாலோ தூசியை அகற்றவேண்டும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பின்பு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியைச் சிறிது நீரில் நனைத்து நன்கு பிழிந்து, அழுத்தாமல் ஒரே போக்கில் துடைக்கவேண்டும். நீரைத் திரைமேல் நேரே தெளித்தால் அது அடிச்சட்டத்தினுள் இறங்கிவிடும். சன்னல் கண்ணாடிக்குத் தெளிக்கும் அம்மோனியா கலந்த திரவங்கள் மேற்பூச்சைக் கெடுப்பன. அவற்றை அருகில் கொண்டுவரவே வேண்டா. கீபோர்டையும் வாரம் ஒருமுறை துடைத்து வந்தால், விரல்களின் எண்ணெய்ப் பசை மூடும்பொழுது திரையில் கட்டம் கட்டமாய்ப் படியாது.

ஏற்கெனவே ஒட்டிவிட்டவர்கள் என் செய்வது என்று கேட்கலாம். கணினி தடையின்றி மூடுகிறது, எழுத்து தெளிவாய்த் தெரிகிறது என்றால் பதற்றமின்றி இருக்கட்டும். மூடும்பொழுது இடிக்கின்றதாயின் எடுத்துவிடுதலே நன்று. ஒரு மூலையை நகத்தால் மெல்ல எழுப்பி, தாளை மேல்நோக்கி இழுக்காமல், திரையோடு ஒட்டிப் படிந்தவாறே பின்னோக்கி மடித்து, மிக மெதுவாக உரிக்கவேண்டும். பல ஆண்டுகளாய் இறுகிய பசையாயின், தாளோடு திரையின் மேற்பூச்சும் சேர்ந்து வந்துவிடுதல் உண்டு. பாதி வழியில் அவ்வாறு தோன்றினால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுசெல்க. எஞ்சிய பசையைப் பிளேடால் சுரண்டுதல் கூடாது. ஈரத் துணியைச் சில நிமிடம் அதன்மேல் வைத்துவிட்டு, விரல் நுனியால் உருட்டி உருட்டி எடுத்தால் பெரும்பாலும் வந்துவிடும்.